ஐம்பதாவது கார்டு

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானக் கடிதம் இல்லை. உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன், இனியும் அப்படியேதான் வைத்திருப்பேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நீ டீச்சராகிவிடுவாய், நான் கத்த ஆரம்பித்துவிடுவேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு வசதிக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். மார்ச்சில் மண்டலத் தகுதிப் போட்டி. நான் ஆடப் போகிறேன், நம் தண்ணீர் டெக்கை, அந்த ஐம்பது கார்டுக் கட்டை வைத்து. "நம்" என்று எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். பல் கட்டும் லேபில் வேலை கிடைத்து நீ ஊரை விட்டுப் போனபோது உன் கார்டுகளையெல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனாய். உன்னுடையதை நீ எடுத்துக்கொண்டாய், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மடைக்காரிகளும் அதில் போய்விட்டார்கள். அந்தக் கார்டை அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்களாம். நாம் ஆடப் போகிற கார்டு கடையில் அதை வைத்திருக்கிற ஒன்றிரண்டு பேரும் தொடக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

நேற்று அம்மா கேட்டாள், "ஒரு சீட்டுக்காகவாடி ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு இருக்கீங்க?" நான் பொறுமையாக விளக்கினேன். "ஓடைக் கார்டு தண்ணி சேக்கும்மா. மடைக்காரி வந்தா சேந்த தண்ணிய மொத்தமா தொறந்து விடுவா. முதல் தடவை எதிராளி கோட்டையில பாதி போகும். ரெண்டாவது தடவை மீதியும் போயிடும், நாம ஜெயிச்சிடுவோம்." அம்மா யோசித்துவிட்டு, "அப்போ அவளயும் ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் வேலை நடக்கும். உங்க அக்கா மாதிரியேதான்" என்றாள்.

இப்போது என் பக்கத்து விஷயம். போன வருஷம் அரையிறுதியில் நான் தோற்றதும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி நீ சொன்னாய்: "டெக் நல்லாத்தான் இருந்துச்சு. ஆடின கைதான் சரியில்ல." நீ சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு அந்தக் கடையில் எனக்குப் பெயரே "கை"தான். உன்னை "தலை" என்கிறார்கள். தலை கட்டுவாளாம், கை ஆடுமாம். இந்தத் தடவை டெக்கையும் நானே கட்டுகிறேன். தோற்றாலும் முழுதாக நானே தோற்கிறேன்.

மடைக்காரி மூன்று பேரையும் அனுப்பி வை.

தங்கச்சி

*

பிப்ரவரி 17

அவசரக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், அடுத்தவர் கண்ணையாவது நினைத்துப் பார்க்கலாம்.

கார்டுகளை அனுப்புகிறேன், ஆனால் முதலில் டெக்கில் இருக்கிற ஐம்பதும் என்னென்ன என்று எழுது. பார்க்காமல் அனுப்ப மாட்டேன். இதை அதிகாரம் என்று எடுத்துக்கொள்ளாதே. அளவு வராமல் நான் யாருக்கும் பல் செய்வதில்லை, அந்தப் பழக்கம்தான்.

நீ நண்டைச் சேர்த்திருப்பதாக அம்மா போனில் சொன்னாள். "எந்நேரமும் நண்டு நண்டுங்கிறா, எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள். எனக்கும் புரியவில்லை. சேற்று நண்டா? எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் ஒன்று விழுமே, பிரித்தவர்கள் கடை வாசலிலேயே போட்டுவிட்டுப் போவார்களே, அதுவா? கோட்டையைக் காக்கிற கல்சுவரை எடுத்துவிட்டு, நண்டு சிண்டுகளை வைத்துத் தீப்பந்த டெக் ஆடுகிறவர்களைத் தடுக்கப் போகிறாயா? ஐந்தாவது சுற்றுக்குள் உன் கோட்டை சாம்பலாகிவிடும். அவர்கள் டெக்கே அதற்காகக் கட்டியதுதானே.

நம் பழக்கத்தை மறந்துவிட்டாயா? ஒன்று வெளியே போனால்தான் ஒன்று உள்ளே வரும். எதற்காக என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பத்து ஆட்டம் ஆடிப் பார்க்காமல் அடுத்த கார்டைத் தொடக் கூடாது. நீ மொத்தமாகப் பிரித்துப் போட்டுக் கட்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

என் பக்கத்து விஷயமும் ஒன்று இருக்கிறது. இங்கே வந்த புதிதில் ஒருவரையும் தெரியாது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிடுவேன். நீ தடுத்துவிட்டாய் என்று புரிய எனக்கே சில நாள் ஆனது. கடையில் நான் சொன்னதைப் பற்றி ஏதோ எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். தாள்தான் வீணானது. இப்போதைக்கு ஐம்பதையும் எழுதி அனுப்பு.

அக்கா

*

பிப்ரவரி 26

மேதாவி அக்காவுக்கு,

ஐம்பதையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். உன் கண்ணுக்காகக் கொட்டை எழுத்தில்.

நான் மொத்தமாகப் பிரித்துப் போடவில்லை. ஒவ்வொன்றாகத்தான் மாற்றினேன், வாய்விட்டுச் சொல்லித்தான் மாற்றினேன். கேட்பதற்கு ஆளில்லாததால் லென்ஸ் தேய்க்கிற மெஷினிடம் சொன்னேன். முதலாளி, "யாரு கூட பேசுற?" என்று எட்டிப் பார்த்தார்.

நண்டைப் பற்றிச் சொல்கிறேன், கடைசி வரை படி. கல்சுவருக்கு நான்கு தண்ணீர் செலவு. ஒரு தடவை இடிந்தால் கதை முடிந்தது. நண்டுக்கு ஒரே தண்ணீர். எதிராளியின் ஆள் ஒருவனைக் கவ்வி ஒரு சுற்றுக்கு நிறுத்தும், அப்புறம் என் கைக்கே திரும்பி வந்துவிடும். அடுத்த சுற்றில் மறுபடி போய்க் கவ்வும். தீப்பந்த டெக்குக்கு நேரம்தான் உயிர். நான் அதன் நேரத்தைத் தின்கிறேன். கடையில் மீசைக்காரர் தீப்பந்தம்தான் ஆடுவார், தெரியுமே. முதல் நாள் நண்டைப் பார்த்து, "என்னம்மா, சமையலா?" என்று சிரித்தார். போன சனிக்கிழமை சிரிக்கவில்லை. மூன்று தடவை தொடர்ந்து நண்டு கவ்வியதும் கார்டுகளை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மடைக்காரிக்குப் பதில் ஒரு காகிதத்தை வைத்துத்தான் ஆடுகிறேன், நிஜமானவள் வந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பாதி ஆட்டங்களில் முதல் கையிலேயே நண்டு நண்டாக வருகிறது, ஓடையைக் காணோம். தண்ணீர் இல்லாமல் அதுகளை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். ஓடையைக் கூட்டவா, வேறெதையாவது குறைக்கவா என்று பிடிபடவில்லை. உன்னிடம் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன், கிண்டல் பண்ணாதே.

டிபன் பாக்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது. யார் கூடவாவது உட்கார்ந்து சாப்பிடுகிறாயா இப்போது?

தங்கச்சி

*

மார்ச் 6

நண்டுக்காரிக்கு,

சாப்பிடுகிறேன். பல்லுக்கு நிறம் பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளோடுதான். அவளைத்தான் உன் நண்டுக்குப் பலி கொடுத்தேன்.

உன் ஐம்பதையும் லேபில் மிஞ்சிய அட்டைகளில் எழுதி வெட்டினேன். இன்னொரு கட்டில் தீப்பந்த டெக்கை எழுதி அவளிடம் கொடுத்தேன். பாவம், அவளுக்கு ஆட்டமே புதிது. எந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்தாள், எவ்வளவோ பழகியவர்களைவிட ஒழுங்காக. வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆடினோம். நேற்று, "இந்த நண்டக் கண்டாலே எரிச்சலா வருதுங்க. என்னை ஒரு வேலையும் செய்ய விடமாட்டேங்குது" என்று அட்டைகளைத் தள்ளிவிட்டாள்.

ஆக நண்டு வேலை செய்கிறது. எழுதிவிட்டேன், சந்தோஷமா? எனக்கு இது தோன்றவே இல்லை. சுவர் என்றால் நிற்க வேண்டும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மூன்று நண்டு அதிகம். ஒன்றை எடுத்துவிட்டு ஓர் ஓடையைச் சேர். முதல் கையில் தண்ணீர் வந்துவிடுகிறது, ஆடிப் பார்த்துத்தான் சொல்கிறேன். மிஞ்சியிருக்கிற ஒரு கல்சுவரை எடுத்துவிடாதே, உனக்குப் பிடிக்காவிட்டாலும்.

இந்த உறையில் மடைக்காரிகள் மூன்று பேரும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டியிருக்கிறேன். சாதாரணக் கார்டுகளை இல்லை, பளபளக்கிற மினுக்குக் கார்டுகளை அனுப்பியிருக்கிறேன், ஏன் என்று கேட்காதே. கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடு. போட்டி அன்று காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா

*

மார்ச் 16

அக்காவுக்கு,

தோற்றுவிட்டேன். எப்படி என்று கேள்.

முதல் மூன்று பேரை வரிசையாக ஜெயித்தேன். நான்காவது ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் வந்து டெக் பார்க்க வேண்டும் என்றார். எல்லோருக்கும் நடப்பதுதான், கொடுத்தேன். அவர் கட்டை மேஜையில் நேராக நிறுத்தி, குனிந்து ஓரத்தைப் பார்த்தார். மூன்று இடத்தில் மெல்லிய இடைவெளி தெரிந்தது. முதல் இடத்தில் விரலை வைத்து எடுத்தார். மடைக்காரி. இரண்டாவது இடத்தில் எடுத்தார். மடைக்காரி. மூன்றாவதும் அவள்தான் என்று அவர் எடுப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த மூணு கார்டும் வளைஞ்சிருக்கு. உங்க டெக்கே இதை நம்பித்தான் இருக்கு, இல்லையா?" என்றார். நான் ஆமாம் என்றேன். "நீங்க தெரிஞ்சு செஞ்சதா நான் சொல்லல. ஆனா விரலால தடவியே இது எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிடலாம். அடையாளம் வெச்ச கார்டுன்னுதான் எடுத்துக்கணும்." அந்த ஆட்டம் எதிராளிக்குப் போனது. மாற்றுக் கார்டு என்னிடம் இல்லாததால் மூன்றையும் வெளியே எடுக்கச் சொல்லி, அந்த இடங்களை வெற்றுக் கார்டால் நிரப்பி ஆடச் சொன்னார்கள். தண்ணீர் நிறையச் சேர்ந்தது. திறந்துவிடத்தான் ஆளில்லை. அடுத்து வந்த எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நம் கடையில் ஆடுகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீசைக்காரர் மட்டும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நாள் முழுக்க லென்ஸின் வளைவை அளந்து வயிறு கழுவுகிறவள் நான். என் கையில் இருந்த கார்டு வளைந்தது எனக்குத் தெரியவில்லை. இதைவிட அவமானம் வேண்டுமா?

வளைந்த கார்டு என்று தெரிந்தே அனுப்பினாயா? இந்த வரியை நான் அடிக்கப் போவதில்லை.

ஏப்ரல் 12 அன்று கடைசித் தகுதிப் போட்டி. அதிலும் போனால் அடுத்த வருஷம்தான். போவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

தங்கச்சி

*

மார்ச் 22

தங்கச்சிக்கு,

அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் உனக்கு எழுதவில்லை. அம்மாவிடம் மட்டும், "அவளுக்கு நான் யாரு?" என்று கேட்டேன். அம்மா, "என்னை ஏன்டி கேக்குற, அவளையே கேளு" என்றாள். நியாயம்தான்.

தெரிந்து அனுப்பவில்லை. நீ கேட்டதால் எழுதுகிறேன், இனிமேல் இதைக் கேட்காதே.

நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். இங்கே காற்றில் ஈரமே கிடையாது, உதடு வெடிக்கிற ஊர். மினுக்குக் கார்டில் ஒரு பக்கம் பளபளப்புத் தாள், மறுபக்கம் வெறும் அட்டை. இங்கே மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தது. உன் ஊருக்கு வந்ததும் அட்டை ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கும், பளபளப்புத் தாள் அசைந்திருக்காது. இரண்டும் ஒத்துப்போகாமல் வளைந்திருக்கிறது. தினமும் பல் அச்சுக்கான மாவையும் மெழுகையும் காயவைத்து எது எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கிறவள் நான், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நீ கார்டு வந்த அன்று பார்த்திருப்பாய், அப்போது நேராகத்தான் இருந்திருக்கும்.

சாதாரண மடைக்காரியை அனுப்பியிருந்தால் இந்த வம்பே இல்லை. மினுக்கை ஏன் அனுப்பினேன் என்றால், அதை நான் இதுவரை யாரையும் தொடவிட்டதில்லை, உன்னையும் சேர்த்து. உனக்கு அது புரியும் என்று நினைத்தேன். வாயால் சொல்ல வராததைக் கார்டில் சொல்லப் போய் உன் ஆட்டத்தைக் கெடுத்தேன்.

போட்டிக்குப் போ. சாதாரண மடைக்காரி என்னிடம் இரண்டு இருக்கிறது. மூன்றாவதைக் கொடுத்துத்தான் ஒரு மினுக்கை வாங்கினேன். இரண்டோடு ஒரு மினுக்கைச் சேர்க்கலாமா என்று கேட்காதே, அது தனியாக வளைந்து நிற்கும், இன்னும் மோசம். ஆக டெக்கில் ஓர் இடம் காலி. ஐம்பதாவது கார்டு என்ன என்பதுதான் கேள்வி. நானாக இருந்தால் இன்னொரு கல்சுவரை வைப்பேன். நீ எடுத்துவிட்ட மூன்றாவது நண்டைத் திரும்ப வைப்பாய் என்று நினைக்கிறேன். பிரச்சினை என்னவென்றால் இரண்டாலும் நீ ஜெயிக்க மாட்டாய், தோற்பதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். இரண்டு மடைக்காரியில் ஒருத்தி கட்டின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் கோட்டையில் மீதிப் பாதியை யார் உடைப்பது?

எனக்கு விடை தெரியவில்லை. நீயே முடிவு செய். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

அக்கா

*

மார்ச் 30

அக்கா,

அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துவிடு. மினுக்குக் கார்டுகளை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் அழுத்தி வைத்திருக்கிறேன், நேராகிக்கொண்டு வருகிறது. அதைத் திருப்பித் தரமாட்டேன். எனக்குக் கொடுத்தது எனக்குத்தான்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதம் எழுது, போனில் நீ இவ்வளவு நன்றாகப் பேசுவதில்லை.

ஐம்பதாவது கார்டை முடிவு செய்துவிட்டேன். என்ன என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீ ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதுவாய், நான் மாற்றிவிடுவேன்.

அந்த இரண்டு மடைக்காரிகளையும் தபாலில் போடாதே. தபாலை நம்ப முடியாது, மூட்டைக்கு அடியில் போட்டு நசுக்கிவிடுவார்கள். பன்னிரண்டாம் தேதி காலையில் நேரில் கொண்டுவந்து கொடு. லீவு கிடைக்குமா?

வந்தால் எனக்கு முன்னால் உட்காராதே. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை மாதம் எழுதாமல் இருந்தேன். போன வருஷம் அரையிறுதியில் என் கையில் மடைக்காரி இருந்தாள், தண்ணீரும் இருந்தது. திறக்கலாம் என்று கார்டைப் பிடித்தபோது நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். உன் புருவம் ஏறியது. தப்புப் போலிருக்கிறது என்று இறக்காமலே வைத்துவிட்டேன். அடுத்த சுற்றில் என் கோட்டை போனது. அதற்கு அப்புறம்தான் நீ "ஆடின கை" என்றாய். அந்தக் கை உன் புருவத்தைப் பார்த்துத்தான் ஆடியது அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்மேல் பாதிக் கோபம், நிமிர்ந்து பார்த்த என்மேல் பாதி.

எனக்குப் பின்னால் உட்கார். நீ இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

தங்கச்சி

*

ஏப்ரல் 12, போட்டி நடக்கும் ஹாலில் இருந்து

என் தங்கச்சிக்கு,

உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு கயிறும் மூன்று வரிசை நாற்காலிகளும் இருக்கின்றன. பார்வையாளர்கள் ஆடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம், எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். அதனால் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். சட்டையின் காலரை உள்ளே மடித்துப் போட்டிருக்கிறாய்.

காலையில் கார்டைக் கொடுத்தபோது நாம் இரண்டு பேரும் சரியாகப் பேசவில்லை. நீ கார்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு பார்த்தாய், லென்ஸைப் பார்க்கிற மாதிரி. "நேரா இருக்கு" என்றாய். "நேராத்தான் இருக்கும்" என்றேன். அதற்குள் உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

புருவத்தைப் பற்றி லேபில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எனக்கு அப்படியா ஏறுது?" "உங்களுக்கே தெரியாதாக்கும்! அது ஏறினா முதலாளியே செஞ்ச பல்ல ஒளிச்சு வெச்சிடுவாரு" என்றாள். அன்றைக்கு எதற்காக ஏறியது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. டீ சூடாக இருந்திருக்கலாம். அதை நீ ஒரு வருஷமாகச் சுமந்திருக்கிறாய். கடையில் நான் சொன்னது பொய்யும்கூட. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், இங்கே எழுதித் தப்பிக்க மாட்டேன்.

இப்போது கடைசி ஆட்டம் நடக்கிறது. இதில் ஜெயித்தால் மண்டலப் போட்டிக்குப் போகலாம், தோற்றால் வீட்டுக்குப் போகலாம். எதிராளி தீப்பந்தம், மீசைக்காரரைவிட வேகமானவன். ஒரு மடைக்காரியை நீ இறக்கிவிட்டாய், அவன் கோட்டையில் பாதி போய்விட்டது, அவள் ஆடி முடித்த கார்டுகள் கிடக்கும் கழித்த கட்டுக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி வந்தபாடில்லை. நண்டு வந்து வந்து கவ்வுகிறது, ஆனாலும் உன் கோட்டை கரைந்துகொண்டே வருகிறது. நான் பயந்தது அப்படியே நடக்கிறது. என்னால் உட்கார முடியவில்லை. இன்னொரு கல்சுவரை வைத்திருந்தால் இன்னும் ஒரு சுற்று தாங்கியிருக்கும் என்று இந்த நிமிஷமும் மனசுக்குள் கணக்குப் போடுகிறேன்.

நீ ஒரு கார்டை எடுத்தாய். கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறாய். போன வருஷம் போல நிமிர்ந்து பார்ப்பாய் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நீ திரும்பவே இல்லை.

கார்டை மேஜையில் இறக்கிவிட்டாய். இங்கிருந்து படம் தெரியவில்லை, பக்கத்து நாற்காலிக்காரர், "கடைசிப் படகா! அதையெல்லாம் யாருங்க வெச்சு ஆடுறாங்க?" என்றார்.

கடைசிப் படகு. கோட்டை விழப் போகிற நிலையில் மட்டும் இறக்கக்கூடிய கார்டு. அதுவரை ஒன்றுக்கும் உதவாது என்று நாம் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்காத கார்டு. கழித்த கட்டில் இருந்து ஒருத்தியைக் கைக்குத் திரும்பக் கொண்டுவரும். மூன்றாவது மடைக்காரி இல்லையே என்று நான் அங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். போனவளையே திரும்பக் கூட்டி வரலாம் என்று எனக்குத் தோன்றவில்லையே! என் புருவம் நெற்றியைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. நல்லவேளை, நீ பார்க்கவில்லை.

அவளை மறுபடி இறக்கினாய். சேர்ந்த தண்ணீர் அத்தனையும் பாய்ந்தது, அவன் கோட்டையில் மீதிப் பாதியும் போனது. எதிராளி எழுந்து உனக்குக் கை கொடுத்தான். நான் கை தட்டிவிட்டேன், நடுவர் முறைத்தார், இன்னும் தட்டினேன். மீசைக்காரர் எங்கிருந்தோ, "தலை ஜெயிச்சாச்சு!" என்று கத்துகிறார். உன்னைத்தான் சொல்கிறார்.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நீ கார்டுகளை அடுக்கி முடித்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வா, கையில் தருகிறேன். பிறகு எங்காவது உட்கார்ந்து, அந்தப் படகு உனக்கு எப்படித் தோன்றியது என்று முதலில் இருந்து சொல்லு. நான் குறுக்கே பேச மாட்டேன்.

அக்கா